உணவகத்தின் மீது புகார் பரவும்போது: முதல் கால் மணி நேரம் முதல் ஆய்வறிக்கை வரை

உணவகம், மெஸ், இனிப்பகம், கேட்டரிங் நிறுவனம் ஆகியவற்றை நடத்துபவர்களுக்காகவும், அவற்றின் மக்கள் தொடர்பைக் கவனிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சாப்பிட்டவர்களின் உடல்நிலை கெட்டுவிட்டது என்ற புகாரோ, தட்டில் பல்லி கிடக்கும் காணொளியோ வாட்ஸ்அப்பில் பரவத் தொடங்கிய பிறகு எதை முதலில் செய்வது, எதை அதன் பின் செய்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அறிக்கை எழுதுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் அதை ஏழாவதாக வைத்திருக்கிறேன். அறிக்கை என்பது செய்து முடித்தவற்றைச் சொல்லும் கடிதம். எதையும் செய்யாத நிலையில் எழுதினால் அதில் வாக்குறுதியும் மறுப்பும் மட்டுமே இருக்கும். அந்த நேரத்தில் அவ்விரண்டையும் யாரும் நம்புவதில்லை. முன்தயாரிப்பு இருந்தால் முதல் ஆறு வேலைகளையும் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

1. சாதாரண நாளிலேயே தயாராக இருக்க வேண்டியவை

ஒரே கோப்பில் இவை இருக்க வேண்டும்: 14 இலக்க எண் கொண்ட உணவு பாதுகாப்பு உரிமம், ஊழியர்களின் மருத்துவத் தகுதிச் சான்றுகள், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, கடந்த மூன்று மாதக் கொள்முதல் பில்கள். புகார் வந்த பின் இவற்றைத் தேடினால் கிடைக்காது என்பதல்ல. தேடும் நேரத்தில் வெளியே வேறு யாரோ உங்கள் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு வேளையும் சமைத்த ஒவ்வொரு பண்டத்திலும் சுமார் 200 கிராம் எடுத்து, சுத்தமான மூடிய டப்பாவில் தேதியும் நேரமும் எழுதி, மூன்று நாட்களுக்குக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் வழக்கத்தைத் தொடங்குங்கள். மூன்று நாட்கள் என்பதற்குக் காரணம் உண்டு. சால்மோனெல்லா தொற்றின் அறிகுறிகள் பொதுவாக 6 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தெரிகின்றன; ஆகவே செவ்வாய்க்கிழமை சாப்பிட்டவர் வெள்ளிக்கிழமை புகார் சொன்னாலும் உங்களிடம் மாதிரி இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பண்டத்திலும் சேரும் பொருள்களின் பட்டியல் தமிழில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இதன் தேவை மூன்றாம் படியில் விளங்கும்.

கடைசியாக, வெளியே பேசப்போகிறவர் ஒருவரையும், அவர் ஊரில் இல்லாத நாளுக்கு மற்றொருவரையும் முடிவு செய்து வையுங்கள். உரிமையாளர், அவருடைய மகன், மேலாளர் ஆகிய மூவரும் மூன்று விதமாகப் பேசிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன். முரண்பட்ட மூன்று உண்மைகள் ஒரு பொய்யைவிட மோசமாகக் கேட்கும்.

2. முதல் கால் மணி நேரம்: விற்பனையை நிறுத்துங்கள், எதையும் கழுவாதீர்கள்

புகார் உண்மையா என்று விசாரிப்பதற்கு முன்பே, அந்தப் பண்டத்தின் விற்பனையை நிறுத்துங்கள். உடல்நலப் புகார் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து வந்தால் அந்தச் சமையலறையையே நிறுத்துங்கள். ஒரு வேளை விற்பனை போவது இழப்புதான். ஆனால் புகார் வந்த பிறகு பரிமாறிய ஒவ்வொரு தட்டும், தெரிந்தே பரிமாறியதாகக் கணக்கில் சேரும்.

அடுத்தது, இருப்பதை இருந்தபடியே வைப்பது. மிச்சமுள்ள உணவு, பயன்படுத்திய பாத்திரம், பிரித்த மூட்டை, பில் எண், கண்காணிப்புக் கேமராப் பதிவு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பல கடைகளின் கேமராக்களில் 15 அல்லது 30 நாட்களில் பழைய பதிவு அழிந்து, அதன் மேல் புதியது பதிவாகிவிடும். ஆகவே அன்றே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள்.

ஒரு கடையின் மேற்பார்வையாளர், அதிகாரி வரும்போது சமையலறை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில், மீந்திருந்த பிரியாணியைக் கொட்டிவிட்டு அண்டாவையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். அவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாதவர். ஆனால் மறுநாள் செய்தியில் “தடயம் அழிப்பு” என்ற சொல் வந்தது. அந்தச் சொல்லை மறுக்க எங்களிடம் ஒன்றுமே இல்லை. அந்த பிரியாணியில் கோளாறு இல்லாதிருந்தால், அதைக் காட்டக்கூடிய ஒரே சாட்சியும் அதோடு போய்விட்டது.

3. பாதிக்கப்பட்டவரிடம் பேசுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான நற்பெயர்கள் பிழைக்கின்றன அல்லது போகின்றன. பாதிக்கப்பட்டவரின் குடும்பம் உங்களைப் பற்றி என்ன சொல்கிறதோ, அதையே ஊர் முதலில் கேட்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் உடனிருந்த ஓர் அழைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. எட்டு வயதுப் பையன் சிகிச்சையில் இருந்தான். உணவக உரிமையாளர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அவனுடைய தாயை அழைத்தார். நல்ல மனிதர், ஆனால் பதற்றத்தில் முதல் வார்த்தையாகவே, “என்ன எதிர்பார்க்கிறீங்கம்மா, சொல்லுங்க, செஞ்சிடலாம்” என்றார். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா, “குருமாவுல என்னென்ன போட்டீங்கன்னு டாக்டர் கேக்குறாரு. அதைக் கேக்கத்தான் காலையில இருந்து உங்க கடைக்கு போன் பண்ணிக்கிட்டு இருக்கேன்” என்றார். அந்த உரையாடலின் பதிவு அன்று மாலையே வெளியே வந்தது. அதற்குப் பின் நாங்கள் வெளியிட்ட எந்த அறிக்கையும் எடுபடவில்லை.

ஆகவே முதல் கேள்வி, “இப்போது எப்படி இருக்கிறார்?” என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, “டாக்டருக்கு எங்களிடமிருந்து என்ன தகவல் வேண்டும்?” என்பதாக இருக்கட்டும். பொருள்களின் பட்டியல் தயாராக இருக்க வேண்டும் என்று முதல் படியில் சொன்னது இதற்காகத்தான். அதை உடனே அனுப்பிவிடலாம். பணத்தைப் பற்றி முதல் அழைப்பில் பேசாதீர்கள். குடும்பமே மருத்துவச் செலவைப் பற்றிக் கேட்டால், அது தொடர்பாக யார், எந்த நேரத்துக்குள் அழைப்பார் என்பதைச் சொல்லி, சொன்ன நேரத்தில் அழையுங்கள்.

மருத்துவமனைக்கு நேரில் செல்வது நல்லது; குடும்பத்தினரிடம் கேட்டுக்கொண்டு, இருவருக்கு மிகாமல் செல்லுங்கள். பழக்கூடையுடன் படம் எடுக்க வேண்டாம். “புகார் எதுவும் இல்லை” என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்பதை அறவே தவிர்க்க வேண்டும். உணவால் ஏற்படும் பாதிப்புக்கான இழப்பீட்டை உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. கட்டிலருகில் வாங்கிய கையெழுத்து அதிலிருந்து உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணக் கூடாது. அந்தத் தாளின் படம் மட்டும் எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

4. தெரிந்தது, தெரியாதது, செய்துகொண்டிருப்பது

ஒரு தாளை மூன்றாகப் பிரித்து இந்த மூன்று தலைப்புகளையும் எழுதுங்கள். நீங்கள் நேரில் பார்த்ததும், பில்லிலோ கேமராவிலோ உள்ளதும் மட்டுமே முதல் பகுதியில் வரலாம். சமையல்காரர் சொன்னது, அவரே நேர்மையாகச் சொன்னாலும், சரிபார்க்கும் வரை இரண்டாம் பகுதியில்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நேரும் பிழை, நேரக் கணக்கை வைத்து வாதிடுவது. “ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு மூன்று மணிக்கே வாந்தி வருமா?” என்று கேட்பார்கள். வரும். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நச்சு அரை மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். “நேற்றுச் சாப்பிட்டதற்கு இன்றைக்கா?” என்ற எதிர்க்கேள்வியும் அதேபோலத் தவறானது, அதற்குச் சால்மோனெல்லாவே விடை. “அன்று 400 பேர் சாப்பிட்டார்கள், நான்கு பேருக்குத்தான் பிரச்சினை” என்பதும் அப்படித்தான். ஒரே பாத்திரத்தில் ஒரு பகுதி மட்டும் கெட்டிருக்கலாம், சாப்பிட்டவர்களின் உடல்நிலையும் வேறுபடும். மருத்துவருக்குத் தெரிந்ததை உங்கள் அறிக்கை மறுத்தால், அதன் மற்ற வரிகளின் நம்பகத்தன்மையும் சேர்ந்தே போய்விடும்.

பழியை வேறொருவர் மீது போடுவதையும் இப்போது செய்யாதீர்கள். 2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார் எழுந்தபோது, கடைகளில் முறையாகச் சேமித்து வைக்காததே காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. மாநில உணவு, மருந்து நிர்வாகம் அதை ஏற்கவில்லை. விவாதம் உறையின் தரத்துக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் உறையையே மாற்றிய பிறகுதான் பேச்சு தணிந்தது. கறிக்கடைக்காரரையும் பால்காரரையும் கைகாட்டும் உணவகத்துக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர் பணம் கொடுத்தது உங்களிடம்.

5. உணவு பாதுகாப்புத் துறைக்கு நீங்களே தகவல் கொடுங்கள்

மாவட்ட நியமன அலுவலருக்கோ உங்கள் பகுதியின் உணவு பாதுகாப்பு அலுவலருக்கோ தொலைபேசியில் சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அவர்கள் சோதனைக்கு வருவது எப்படியும் நடக்கப்போகிறது. “அதிகாரிகள் அதிரடிச் சோதனை” என்ற தலைப்புக்கும் “நிர்வாகமே தகவல் அளித்தது” என்ற வரிக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஓர் அழைப்பு தீர்மானிக்கும்.

மாதிரி எடுக்கும்போது உடனிருங்கள். சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது; நீங்கள் கேட்டால் ஒரு பகுதியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அதன் செலவு உங்களுடையது. இதை மாதிரி எடுக்கும் இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இந்த உரிமையை அறியாமல், முடிவு பாதகமாக வந்த பிறகு புலம்புகிறார்கள். உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் மீது மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. இந்தக் கால அளவுகளைக் குறித்துவைத்தால், அடுத்த தகவல் எப்போது வரும் என்று பொதுமக்களுக்குச் சொல்ல முடியும்.

முறுக்கு, மிட்டாய், மசாலாப் பொடி என்று பாக்கெட்டில் அடைத்து விற்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற முடிவு செய்தால், 2017ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 24 மணி நேரத்துக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

6. ஊழியர்களுக்குச் சொல்லுங்கள்

வெளியே சொல்வதற்கு முன் உள்ளே சொல்ல வேண்டும். பரிமாறுபவரிடம்தான் வாடிக்கையாளர் முதலில் கேட்பார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டுவார். எல்லோரையும் பத்து நிமிடம் நிற்கவைத்து, தெரிந்ததைச் சொல்லி, “விசாரணை நடக்கிறது, மேலாளர் உங்களிடம் பேசுவார்” என்ற ஒரே பதிலைக் கொடுங்கள்.

சமையலறையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்தால், அவர்களுக்குப் புரியும் மொழியிலும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். பழி தங்கள் தலையில் விழும் என்று பயந்து இரவோடு இரவாக ரயிலேறியவர்கள் உண்டு. அவர் போய்விட்டால் நடந்ததைச் சொல்லக்கூடியவரும் போய்விடுகிறார். “தலைமறைவு” என்ற சொல்லும் வந்துவிடும். விசாரணை முடியும் வரை யாரையும் வேலையை விட்டு நீக்க மாட்டோம் என்ற உறுதியை உரிமையாளரே அவர்களிடம் சொல்ல வேண்டும்.

7. இப்போது அறிக்கை

இதற்கிடைப்பட்ட நேரத்தில் கேட்பவர்களுக்கு, “புகார் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. அந்தப் பண்டத்தை நிறுத்திவிட்டோம். பாதிக்கப்பட்டவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், இரவு 8 மணிக்கு விவரம் தருகிறோம்” என்பது போன்ற இரண்டு மூன்று வரிகள் போதும். முழு அறிக்கை இந்த அளவில் அமையலாம்:

“நேற்று மதியம் எங்கள் பேருந்து நிலையக் கிளையில் சாப்பிட்ட மூன்று பேர் உடல்நலம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் நேர்ந்த துன்பத்துக்கு மிகவும் வருந்துகிறோம். அந்தக் கிளையின் சமையலறையை நேற்று இரவு 9 மணிக்கு மூடிவிட்டோம். உணவு பாதுகாப்புத் துறைக்கு நாங்களே தகவல் கொடுத்து, மாதிரிகளை ஒப்படைத்திருக்கிறோம். காரணம் இன்னும் தெரியவில்லை. நேற்று அங்கே சாப்பிட்ட வேறு யாருக்கேனும் உடல்நலக் குறைவு இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், எங்களையும் அழையுங்கள். அடுத்த தகவலை நாளை மாலை 5 மணிக்குத் தருவோம்.”

இதில் நிறுவனத்தின் பெருமை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். “பாரம்பரியமிக்க”, “தரத்தில் சமரசம் செய்துகொள்ளாத” என்ற தொடர்களை உரிமையாளர்கள் கண்டிப்பாகச் சேர்க்கச் சொல்வார்கள். நீங்களும் கண்டிப்பாக மறுக்க வேண்டும். வயிற்று வலியோடு படுத்திருப்பவரின் அண்ணன் அந்த வரியைப் படிக்கும்போது என்ன நினைப்பார் என்று கேட்டால் அவர்களுக்கே புரிந்துவிடும்.

“பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும்” என்று எழுத வழக்கறிஞர் சொல்லலாம். மருத்துவமனையில் சேர்த்திருப்பது கண்முன் தெரியும் உண்மை. அதில் “கூறப்படும்” என்று சேர்த்தால் அவர்களைப் பொய்யர் என்று சொல்வதாகவே குடும்பம் எடுத்துக்கொள்ளும். வழக்கறிஞரின் கவலை நியாயமானது. ஆனால் அது காரணத்தைப் பற்றியது, பாதிப்பைப் பற்றியது அல்ல. ஆகவே பாதிப்பை நேராகச் சொல்லிவிட்டு, காரணம் தெரியவில்லை என்று தனி வரியில் எழுதினால் இருவருக்கும் பொருந்தும். பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், தவறை எழுத்தில் ஒப்புக்கொள்வதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். “வருந்துகிறோம்” என்பதற்கு அந்தத் தடை பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கும் அன்றே தகவல் கொடுத்துவிடுங்கள்.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ அவர்கள் சம்மதமின்றி எழுதக் கூடாது. “விஷமிகள்”, “போட்டியாளர்களின் சதி” என்ற சொற்களை, கையில் ஆதாரம் இருந்தாலும், முதல் அறிக்கையில் பயன்படுத்தாதீர்கள். அந்த ஆதாரம் காவல்துறைக்குரியது.

மாலை 5 மணி என்று எழுதியிருந்தால், புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் 5 மணிக்கு அதையாவது சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் வரும் தகவல்தான் நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்குகிறது.

8. நிருபர்களிடம் பேசுதல்

“விளக்கம் கேட்பதற்காகத் தொடர்புகொண்டபோது நிர்வாகத்தினர் தொலைபேசியை எடுக்கவில்லை” என்ற வரியைப் படிக்காத செய்தி வாசகர் இல்லை. உங்கள் பெயருக்குக் கீழே அது வராமல் பார்த்துக்கொள்வதே இந்தப் படியின் நோக்கம். அழைப்பை எடுங்கள். அறிக்கையில் உள்ளதையே சொல்லுங்கள். தெரியாததற்கு, “தெரியவில்லை, தெரிந்ததும் உங்களை அழைக்கிறேன்” என்று சொல்லி, அப்படியே அழையுங்கள். பெரிய தொலைக்காட்சிக்கு ஒரு மரியாதை, உள்ளூர் யூடியூப் சேனலுக்கு ஒரு மரியாதை என்று பிரிக்காதீர்கள். உங்கள் ஊர்க்காரர்கள் இரண்டாவதைத்தான் பார்க்கிறார்கள்.

கடைக்கு வெளியே படம் எடுப்பவரைத் தள்ளுவதும், கேமராவைக் கையால் மறைப்பதும் நடந்தால், அதுவரை செய்த எல்லாமே வீணாகும். வாசலில் நிதானமான ஒருவரை நிறுத்துங்கள்.

9. இணைய மதிப்புரைகளும் பின்னூட்டங்களும்

பின்னூட்டங்களை அழிக்காதீர்கள், அழிக்கப்பட்டதன் படம் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும். கெட்ட வார்த்தை உள்ளவற்றை மட்டும் மறைக்கலாம். கேள்விகளுக்கு அறிக்கையின் வரிகளிலேயே பதில் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒருமுறை போதும்.

ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைக் காசு கொடுத்துப் போடச் சொல்லும் யோசனை இரண்டாம் நாளில் கண்டிப்பாக வரும். ஒரே நாளில் வரும் நாற்பது புகழுரைகளை எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடித்துவிடுவார். போலி மதிப்புரைகளைத் தடுப்பதற்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தையே வெளியிட்டிருக்கிறது. உண்மையான பழைய வாடிக்கையாளர்கள் தாமாக எழுதினால் எழுதட்டும்.

10. ஆய்வறிக்கை வந்த பின்

முடிவு பாதகமாக இருந்தால், மேல்முறையீடு செய்வதா என்பதை முதலில் வழக்கறிஞருடன் முடிவு செய்து, பிறகு என்ன கண்டறியப்பட்டது, எதை மாற்றியிருக்கிறீர்கள் என்பதை வெளியிடுங்கள். “குளிர்பதனப் பெட்டியை மாற்றினோம்; வெப்பநிலையை நாளுக்கு நான்கு முறை குறித்துவைக்கிறோம்” என்பது போலக் கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றமாக அது இருக்க வேண்டும்.

சாதகமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 2015இல் மேகி நூடுல்ஸுக்கு ஜூன் 5 அன்று தடை விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆனாலும் புதிதாகச் செய்த ஆய்வுகளில் தேறி, அது கடைகளுக்குத் திரும்பியது நவம்பரில்தான். சட்டத்தில் வெல்வதும் சாப்பிடுபவரின் நம்பிக்கையைப் பெறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. “உண்மை வென்றது” என்று வாசலில் பேனர் கட்டினால், பாதிக்கப்பட்ட குடும்பத்தைத் தோற்கடித்ததாகவே அது படிக்கப்படும்.

முடிவு எதுவானாலும், அதை வெளியிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது அந்தக் குடும்பத்தை அழைத்துச் சொல்லுங்கள். அவர்கள் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. மூன்றாம் படியில் அழைத்த அதே நபர் அழைக்கட்டும். முதலில் பையனின் உடல்நிலையைக் கேட்டுவிட்டு, பிறகு அறிக்கையைப் பற்றிச் சொல்லட்டும்.